பெஷமெல் கட்டிபட்டது பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படத்தைப் பார்த்து அம்மா விழுந்து விழுந்து சிரித்தா. பெஷமெல் என்ற பிரெஞ்சு வெள்ளைச் சோஸ் என்று எழுதியிருந்தாய். பார்க்கக் கொழுக்கட்டைக்குக் குழைத்த மா மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருசம் பரிஸில் பிரெஞ்சுக் குசினியில் நின்றவனின் பிள்ளை, பெஷமெல் செய்வது எப்படி என்று போனில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று உறுத்தியது. பிழை என்னுடையதுதான். வேலை முடிந்து இரவு பன்னிரண்டரைக்கு வீட்டுப்படி ஏறும்போது பட்டர் மணமே ஆகாது. அம்மா மூடி வைத்த புட்டும் மீன்குழம்பும் இருந்தால் போதும். நீ பிரெஞ்சுச் சாப்பாட்டைப் பள்ளிக்கூடக் கன்ரீனில்தான் கண்டாய்.

போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

அரை லீற்றர் பாலுக்கு 30 கிராம் பட்டர், 30 கிராம் கோதுமை மா. கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடு. பட்டர் உருகி நுரை அடங்கும்போது மாவைக் கொட்டிச் சிறு நெருப்பில் இரண்டு நிமிசம் கிளறு. பச்சை மா வாசம் போய், விசுக்கோத்து வாசம் வர வேண்டும், ஆனால் நிறம் மாறக் கூடாது. இதற்குப் பெயர் றூ. நீ இந்த இடத்தில் கொதிக்கிற பாலை ஒரேயடியாக ஊற்றியிருப்பாய், அப்படித்தானே? மாவின் வெளிப்புறம் உடனே வெந்து பசையாகிவிடும், உள்ளே உலர்ந்த மா அப்படியே அகப்பட்டுக்கொள்ளும். அதுதான் உன் கொழுக்கட்டை. குளிர்ந்த பாலை ஒவ்வோர் அகப்பையாக விடு. முதல் அகப்பைக்குக் களி மாதிரி இறுகும், பயப்படாதே. அதை நன்றாகக் கடைந்து மினுமினுப்பாக்கிய பிறகுதான் அடுத்த அகப்பை. எல்லாப் பாலும் சேர்ந்து ஒரு கொதி வந்தால்தான் தடிக்கும். அதற்கு முன் தண்ணியாக இருக்கிறதே என்று மேலும் மாவைப் போட்டுவிடாதே. பிறகு சிறு நெருப்பில் ஐந்தாறு நிமிசம். உப்பு, வெள்ளை மிளகு, இருந்தால் சாதிக்காயை ஒரு தரம் உரசு. இவ்வளவுக்குப் பிறகும் கட்டிபட்டால் வடியில் வடித்துவிடு. நாங்களும் வடித்திருக்கிறோம், மேசையில் இருப்பவருக்கு அது தெரியவா போகிறது.

இது ஒன்று கை வந்தால் மற்றதெல்லாம் கிட்ட வந்துவிடும். பாலுக்குப் பதில் கோழி எலும்பு அவித்த தண்ணீரை விட்டால் வெலூத்தே. பெஷமெலுக்குள் கிறுயேர் சீஸைத் துருவிப் போட்டால் மோர்னே. பிரெஞ்சுச் சமையல் மேதை எஸ்கோஃபியே 1903இல் போட்ட பெரிய சமையல் புத்தகத்திலும் சில அடிப்படைச் சோஸ்களை முன்னால் வைத்து, மற்றவற்றை அவற்றிலிருந்துதான் பிறக்க விடுகிறார். குசினியில் அவற்றைத் தாய்ச் சோஸ்கள் என்போம்.

குசினி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்தச் சொல் போர்த்துக்கேயர் நம் ஊரில் விட்டுப் போனது. இங்கே வந்த முதல் வாரம், வேலை கேட்டுப் போன இடத்தில் ஒருவர் "குயிசின்" என்று கையைக் காட்டினார். அன்றைக்கு எனக்கு விளங்கிய ஒரே பிரெஞ்சுச் சொல் அதுதான்.

அங்கே மூன்று வருசம் கோப்பை கழுவினேன். அப்புறம் ஒருநாள் ஒம்லெட் போடச் சொன்னார்கள். போட்டேன். சமையல் தலைவர் பார்த்துவிட்டு, பேசாமல் குப்பை வாளிக்குள் கவிழ்த்தார். ஓரத்தில் பழுப்பு நிறம் பிடித்திருந்ததாம். உன் அப்பம்மா பொரிக்கும் முட்டையில் அந்த மொறுமொறுத்த ஓரத்துக்காகத்தான் நாங்கள் அடிபடுவோம்! இவர்களுக்கு மேலே ஒரு பொட்டு நிறமும் இருக்கக் கூடாது, உள்ளே ஈரமாகத் தளதளவென்று இருக்க வேண்டும். அன்று ஒரு தட்டு முட்டை முடிந்தது. நீ மூன்று முட்டையோடு தொடங்கு. பட்டர் நுரைக்கும்போது ஊற்றி, ஒரு கையால் தாச்சியை ஆட்டிக்கொண்டே மற்றக் கையில் முள்ளுக்கரண்டியால் கிளறு. இன்னும் வேகவில்லையே என்று தோன்றும்போதே இறக்கிச் சுருட்டு. ஒரு நிமிசத்துக்குமேல் போகாது.

வெண்காயச் சூப்புக்கோ நேர்மாறு. நாலு பெரிய வெண்காயத்தை மெல்லிசாக அரிந்து, பட்டரில், சிறு நெருப்பில், குறைந்தது முக்கால் மணித்தியாலம். முதலில் அழும், பிறகு சுருங்கும், பிறகுதான் தேன் நிறம். சட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதைக் கருகல் என்று நினைக்காதே. கொஞ்சம் தண்ணீரோ வெள்ளை வைனோ விட்டு மரக் கரண்டியால் சுரண்டி, சூப்போடு சேர்த்துவிடு. சுவை முழுக்க அதில்தான். மூன்று வருசம் அதைத்தான் கம்பி நாரால் உரசி உரசித் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தேன், அது என்னவென்றே தெரியாமல்.

உன் அறையில் ஒற்றை அடுப்பு. அதனால் எல்லாவற்றையும் முதலில் வெட்டி, நிறுத்து, கிண்ணங்களில் வை. அதற்குப் பிறகு அடுப்பைப் போடு. இங்கே மிஸான்பிளாஸ் என்று பெரிதாகச் சொல்வது இதைத்தான்.

நீ இருப்பதோ சாப்பாட்டுக்குப் பேர்போன லியோன், கேட்பதோ என்னிடம்! ரூ றுவாயால் தெருவில் 12ஆம் இலக்கத்தைப் போய்ப் பார். ஒஜெனி பிராசியே என்ற சமையல்காரி 1921இல் அங்கே சாப்பாட்டுக் கடை திறந்தா. கிராமத்தில் பிறந்து, லியோனில் வீட்டு வேலைக்கு நின்றவ. 1933இல் அந்தக் கடைக்கும் தன் இன்னொரு கடைக்கும் மும்மூன்று மிஷ்லன் நட்சத்திரம் வாங்கினா, உணவகங்களுக்கு மிஷ்லன் கையேடு கொடுக்கும் மிக உயர்ந்த மதிப்பு அது. பிறகு பெரும் பெயர் எடுத்த சமையல்காரர் போல் பொக்கூஸ் அவவிடம் வேலை பழகியவர். உள்ளே போய்ச் சாப்பிட நம்மிடம் காசு காணாது, வாசலில் நின்று மெனுவை வாசி.

விடுமுறைக்கு வரும்போது என் கறுத்த இரும்புத் தாச்சியைத் தருகிறேன். சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடாதே. முதல் ஒம்லெட்டைப் படம் எடுத்து அனுப்பு. பழுப்புப் பிடித்தால் கொட்டாதே, சாப்பிடு. அம்மாவுக்கு இன்றைக்கும் அப்படிப் பொரித்தால்தான் இறங்கும்.

அன்புடன்,
அப்பா