மக்கள் கொடுத்த பணத்தில் வந்த ஓவியம்: இலண்டன் தேசிய ஓவியக் கூடத்துக்கு ஒரு திறந்த மடல்

அறங்காவலர் குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் கூடத்திலுள்ள லியனார்டோ டா வின்சியின் கோட்டோவியம் குறித்து ஒரு வேண்டுகோளோடு எழுதுகிறேன். எட்டுத் தாள்களை ஒட்டிய பரப்பில், கரியாலும் வெண்சுண்ணத்தாலும், மரியாள், குழந்தை இயேசு, மரியாளின் தாய் அன்னம்மாள், சிறுவனான திருமுழுக்கு யோவான் ஆகிய நால்வரையும் அவர் வரைந்திருக்கிறார். முகங்களில் நிழல் புகையைப் போலப் படிந்திருக்க, வானைச் சுட்டும் அன்னம்மாளின் கை மட்டும் வெறுங்கோடாகவே நின்றுவிட்டது. வண்ணம் தீட்டுவதற்கு முன் வரையும் இத்தகைய மாதிரிப் படங்களை, தீட்டவிருக்கும் மரப்பலகைக்கு மாற்றுவதற்குக் கோடுகள் நெடுகிலும் ஊசியால் துளையிட்டுக் கரிப்பொடி தட்டுவது அக்கால வழக்கம். இதில் அப்படித் துளையிட்ட தடயமே இல்லை. ஓவியம் கற்பிக்கும் எனக்கு, முடிக்கப்படாத அந்தக் கையைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. என் மாணவர்களும் அதன் முன்தான் நெடுநேரம் நின்றார்கள்.

ஆனால் இது உங்களிடம் வந்து சேர்ந்த விதம் அவர்களுக்குத் தெரியவில்லை. 1779ஆம் ஆண்டிலேயே இலண்டன் அரச கலைக்கழகத்தின் (ராயல் அகாடமி) உடைமையாக இருந்த இப்படத்தை, 1962இல் அக்கழகமே விற்க முன்வந்தது. கலை கற்பிக்கவென்றே தோன்றிய ஓர் அமைப்பு அந்த முடிவுக்கு வந்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. படம் கடல் கடந்து போய்விடுமோ என்ற அச்சம் எழுந்தபோது, எட்டு இலட்சம் பவுண்டு விலையைத் திரட்டுவதற்காகத் கலைப்படைப்புகளை நாட்டுக்காக வாங்க உதவும் அறக்கட்டளையான தேசியக் கலைச் சேகரிப்பு நிதியம் மக்களிடம் கையேந்தியது. நான்கு மாதங்களுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்து, அவர்களில் பலர் தம்மால் இயன்றதைக் கொடுத்துச் சென்றனர். அரசும் தன் பங்கை அளித்தது. 1987இல் ஒருவர் துப்பாக்கியால் சுட்டுச் சேதப்படுத்திய பிறகு, உங்கள் வல்லுநர்கள் இதைப் பொறுமையோடு சீர்செய்து மீண்டும் மக்கள் முன் வைத்தார்கள். அதற்கு என் நன்றி.

1962இல் நடந்ததை, அன்று கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் படித்துப் புரிந்துகொள்ளும் எளிய நடையில், ஒரு தனிப் பலகையில் விரிவாக எழுதி வையுங்கள் என்பதே என் வேண்டுகோள். காகிதத்தின் நலன் கருதி ஒளி குறைக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிவேன். அதைக் கூட்டும்படி கேட்கவில்லை. ஓவியத்திலிருந்து சற்றுத் தள்ளி, வெளிச்சம் விழும் சுவரில், பத்து வயதுப் பிள்ளையின் கண்மட்டத்தில் அப்பலகை இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியை