மாடித் தண்ணீரை மட்டும் சேர்த்துவிடாதே, மணி

சுசீந்திரம்,
மாசி 20

அன்புள்ள மணி,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குச் சளி விட்டதில் சந்தோஷம். இங்கே கும்பப்பூ அறுப்பு தொடங்கிவிட்டது; வைக்கோல் தூசியில் வீடு முழுக்கத் தும்மல்.

உன் தெருவுக்குப் பாதாளச் சாக்கடைக் குழாய் வந்துவிட்டதாகவும், ‘செப்டிக் டேங்கின் வெளிக்குழாயை நீட்டி ரோட்டுத் தொட்டியில் மாட்டிவிடலாம், மாடித் தண்ணியையும் அதிலேயே சேர்த்துவிடலாம்’ என்று பிளம்பர் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். இரண்டும் கூடாது. இரண்டாவதுதான் ரொம்ப மோசம் என்பதால் அதை முதலில் சொல்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று வைத்து, அதில் 80 சதவீதம் கழிவுநீராக வரும் என்றுதான் குழாயை வடிவமைக்கிறார்கள். உன் வீட்டில் 5 பேர். மொத்தம் 540 லிட்டர். காலை நேர நெருக்கடிக்குச் சராசரியைப் போல மூன்று மடங்கு இடம் விட்டாலும் மணிக்கு 70 லிட்டரைத் தாண்டாது. உன் மாடி 100 சதுர மீட்டர் என்று வை. மணிக்கு 20 மில்லிமீட்டர் மழை நம் ஊரில் பெரிய மழையே இல்லை. அதற்கே 2,000 லிட்டர் இறங்கும். ஏறக்குறைய நாலு நாள் கழிவுநீர், ஒரே மணி நேரத்தில்! தெருவிலுள்ள கிளைக்குழாய் எப்படியாவது சமாளிக்கும். நீரேற்று நிலையத்து மோட்டார் சமாளிக்காது. அங்கே கழிவுநீர் சேரும் கிணறு நிறைந்தால் தண்ணீர் பின்னாலேயே ஏறிவந்து, தாழ்வான வீட்டுக் கக்கூஸ் வழியாகத்தான் வெளியே வரும். நமக்கோ இடவப்பாதி, ஐப்பசி என்று வருஷத்துக்கு இரண்டு மழை. தெருவில் வெள்ளம் நின்றால் கம்பியை விட்டு மேன்ஹோல் மூடியைத் தூக்கி வைக்கிறார்களே, அதற்கும் இதே கதைதான். கூடவே மண்ணும் பிளாஸ்டிக்கும் இறங்கும். மழை நின்ற பிறகு அது குழாய்க்குள்ளேயே படிந்து கிடக்கும்.

சுத்திகரிப்பு நிலையத்தில் அடிபடுவது இன்னும் பெரிது. அங்கே வேலை செய்வது எந்திரம் அல்ல, காற்றூட்டும் தொட்டியிலுள்ள நுண்ணுயிர்கள். அவற்றின் நிலையைத் தெரிந்துகொள்ள ஒரு லிட்டர் அளவுக் குடுவை போதும். தொட்டியிலிருந்து கலங்கலை அள்ளி 30 நிமிஷம் அசையாமல் வைத்தால் பழுப்புச் சகதி பைய கீழே இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். சகதி 250 மில்லி, கலங்கலின் அடர்த்தி லிட்டருக்கு 2,500 மில்லிகிராம் என்றால், ஒரு கிராம் சகதி 100 மில்லி இடம் பிடிக்கிறது. அதுதான் குறியீடு; 100 என்றால் நல்ல ஆரோக்கியம். 150-ஐத் தாண்டினால் நூல்போன்ற கிருமிகள் பெருத்து, சகதி பஞ்சாய் மிதக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் காற்று போதாமல்தான் அப்படி ஆகும். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவிலாவது இருக்க வேண்டும். ஆனால் மழைத் தண்ணீர் பாய்ந்துவந்தால், நன்றாகப் படியும் சகதியைக்கூடத் தெளிவிப்புத் தொட்டியிலிருந்து வாரிக்கொண்டு போய்விடும். அம்மோனியாவைத் தின்னும் இனம் மெல்லப் பெருகுவது. அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வாரக்கணக்கில் ஆகும்.

இனி செப்டிக் டேங்க். அதைக் குழாய்க்கும் வீட்டுக்கும் நடுவே விட்டால், உள்ளே அழுகிய தண்ணீர் ஹைட்ரஜன் சல்பைடோடுதான் போய்ச் சேரும். அந்த வாயு குழாயின் மேல்வளைவில் ஈரத்தில் தங்க, அங்குள்ள பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்கிவிடும். கான்கிரீட் குழாய் அடிப்பக்கம் தேயாமல் மேல்பக்கம் பொடிந்து விழுவது இதனால்தான். போதாததற்கு, விரிசல் விட்ட டேங்க் சுவர் வழியாக ஊற்றுநீரும் புகுந்து சாக்கடைக்குப் போய்ச்சேரும். அதனால் கக்கூஸ் குழாய் டேங்கைச் சுற்றிக்கொண்டு நேரே போகட்டும்.

டேங்கை மூட இதுதான் நேரம். ஐப்பசியில் காலி செய்தால், சுற்றியுள்ள ஊற்று அழுத்தி வெறுந்தொட்டியைத் தூக்கிவிடும், தளமும் வெடிக்கும். இப்போது லாரியை வைத்து உறிஞ்சி எடுத்து, மேலே நின்றே கீழ்த்தளத்தில் இரண்டு மூன்று ஓட்டை போட்டு, மணலை நிரப்பித் தண்ணீர் விட்டு அமுக்கிவிடு. ஆளை மட்டும் உள்ளே இறக்காதே. ‘நாற்றமே இல்லை, இறங்கலாம்’ என்பான் எவனாவது. அந்த ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு, வந்தாலே மூக்கு மரத்துப்போகும். நாற்றம் தெரியாமல் போவதே ஆபத்துக்கு அடையாளம். 2013-இல் வந்த சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவதே குற்றம். இறப்புக்கான இழப்பீட்டை 2023-இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. லாரிக்காரர் குழாயை விட்டு உறிஞ்சட்டும், கெட்டியான அடிச்சகதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கலக்கச் சொல்.

உன் கிணற்றுக்கும் இதில் நன்மை உண்டு. கழிவு ஊறும் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. 5 சென்ட் மனையில் எதிரெதிர் மூலைக்கே ஏறக்குறைய 20 மீட்டர்தான் வரும். பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்துப் பார்த்தால், நாகர்கோவிலில் எத்தனை கிணறு தேறும் என்று நீயே சொல்.

குழாய் வேலைக்கு வருவோம். 110 மில்லிமீட்டர் பிவிசி, 60-க்கு 1 சரிவு. 6 மீட்டர் நீளத்துக்கு 10 சென்டிமீட்டர் இறக்கம். திரும்பும் இடத்திலெல்லாம் சிறு தொட்டி. தொட்டியின் அடியைச் சமதளமாக விடாமல், குழாய் அகலத்துக்கு அரைவட்ட வாய்க்கால் பூசச் சொல். கொத்தனார்கள் இதைத்தான் விட்டுவிடுவார்கள், மலம் அங்கேயே தங்கும். குளியலறை, துணி துவைக்கும் தண்ணீர் எல்லாம் கல்லி டிராப் (தண்ணீர் நின்று நாற்றத்தைத் தடுக்கும் வளைவு) வழியாக வரட்டும், அதில் 50 மில்லிமீட்டர் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். சமையலறைக்கு மட்டும் தனியாக, எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் ஒரு தொட்டி வை. நம் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், இந்த வெக்கையில் எங்கே உறையப்போகிறது என்று நினைக்காதே. கொழுப்பமிலம் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து, வெக்கையிலும் சோப்புக் கட்டி மாதிரி குழாயில் ஒட்டும். மீன் செதிளும் தேங்காய் நாரும் அதில் சிக்கினால் தீர்ந்தது. கஞ்சித்தண்ணியைத் தென்னை மூட்டில் ஊற்றச் சொல்.

பின்னால் அடைப்பு வந்தால் பதறாதே. வீட்டுத் தொட்டிகளை வரிசையாகத் திற. நிறைந்திருக்கும் கடைசித் தொட்டிக்கும் காய்ந்திருக்கும் முதல் தொட்டிக்கும் நடுவில்தான் அடைப்பு. ரோட்டிலும் இதே வழிதான். அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சும் ஜெட் லாரிக்காரர் கீழ்ப்பக்கத்து மேன்ஹோலிலிருந்து குழாயை விடுவார். மூக்கிலிருந்து பின்னோக்கிப் பீய்ச்சும் தண்ணீர் அதை மேலே இழுத்துக்கொண்டு போகும், அரித்த சகதி அவரிடமே திரும்பி வரும்.

மாடித் தண்ணீரைக் கிணற்றோரம் ஊறும் குழிக்குத் திருப்பு, மிஞ்சினால் தெரு ஓடைக்கு. குளியலறைத் தளம் ரோட்டைவிடத் தாழ்வாக இருந்தால், ரோட்டுக்கு முந்திய தொட்டியில் தண்ணீரைத் திரும்பி வரவிடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் வேண்டும். கொத்தனார் வரும் நாளை எழுது. சரிவு பார்க்கத் தண்ணி டியூபோடு வந்துவிடுகிறேன்.

உன்,
தாணு