பார் கம்பி

தஞ்சாவூர்,
மார்கழி 12

அன்புள்ள வசந்தாவுக்கு,

நீ சித்திரையில் எழுதிய கடிதத்துக்கு மார்கழியில் பதில் எழுதுகிறேன். இடையில் அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார் என்பது உண்மைதான். ஆனாலும் மனம் வைத்திருந்தால் ஓர் இரவில் எழுதியிருக்கலாம், மன்னித்துவிடு. அம்மா இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார். பெரிய டீச்சருக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. அரிசி மில் அண்ணன் மில்லை விற்றுவிட்டு மகனோடு திருச்சிக்கே போய்விட்டார். ஊர்ச் செய்தி இவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்தது வேறொரு காரணத்துக்காக.

என் மகள் போன மாதம் பத்து நாள் வந்திருந்தாள். அவள் அப்படி என்னதான் ஆராய்ச்சி செய்கிறாள் என்று நீ கேட்டிருந்தாய். ஒரு கருவி ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யார் தீர்மானித்தார்கள், அந்தத் தீர்மானத்தில் யாருடைய பேச்சு எடுபட்டது, யாருடைய பேச்சு எடுபடவில்லை என்பதையெல்லாம் ஆராய்கிற துறை அது. மாசியில் ஒரு கருத்தரங்கில் வாசிக்கப்போகும் கட்டுரையை ஒரு நாள் இரவு எனக்குப் படித்துக் காட்டினாள். கட்டுரையின் பொருள் சைக்கிள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, வசந்தா.

முதலில் அவள் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். 1870களில் இங்கிலாந்தில் ஓடிய சைக்கிளுக்கு முன்சக்கரம் ஏறக்குறைய ஓர் ஆளின் நெஞ்சு உயரத்துக்கு இருந்ததாம், பின்சக்கரம் சின்னது. பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்ததால், சக்கரம் பெரிதாக இருந்தால்தான் ஒரு மிதிக்கு அதிகத் தூரம் போக முடியும். அந்த உயரத்திலிருந்து தலைகுப்புற விழுவது சாதாரணமாக நடந்தது. 1984-இல் ட்ரெவர் பிஞ்ச், வீபே பைக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்கள்: இது நல்ல வண்டியா, கெட்ட வண்டியா? உடல் வலுவும் துணிச்சலும் உள்ள இளைஞர்களுக்கு அந்த ஆபத்துதான் வண்டியின் பெருமை. நீண்ட பாவாடை உடுத்திய பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் அதே ஆபத்து அதன் குறை. ஆகவே கண்ணுக்குத் தெரிந்தது ஒரே வண்டியானாலும், அவரவர் பார்வையில் அங்கே இரண்டு வண்டிகள் இருந்தன என்பது அவர்கள் வாதம். 1885-இல் கவென்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டும் தாழ்வான வண்டியைக் கொண்டுவந்தபோது வென்றது ஒரு இயந்திரம் மட்டுமன்று, சைக்கிள் யாருக்கானது என்ற ஒரு கருத்தும் சேர்ந்தே வென்றது என்கிறார்கள்.

காற்றடைத்த டயரின் கதை எனக்கு இன்னும் பிடித்தது. 1888-இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகன் ஓட்டிய மூன்று சக்கர வண்டி கல் பாவிய தெருவில் அதிராமல் ஓட வேண்டும் என்று செய்த டயர் அது. பந்தயக்காரர்கள் முதலில் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அதிர்வு அவர்களுக்கு ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. மறு ஆண்டு அந்த டயர் போட்ட வண்டி பந்தயத்தில் எல்லாரையும் முந்திய பிறகுதான் சிரிப்பு நின்றது. அதிர்வுக்காகச் செய்த ஒன்றை உலகம் வேகத்துக்காக ஏற்றுக்கொண்டது.

இதுவரை நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்து அவள், "1890களின் முடிவுக்குள் சைக்கிளைப் பற்றிய வாதங்கள் ஓய்ந்து, அதன் வடிவம் நிலைபெற்றுவிட்டது" என்று ஒரு வாக்கியம் படித்தாள். நான் கையை நீட்டி நிறுத்தச் சொன்னேன். "நிலைபெற்றதா? புதுக்கோட்டையில் நாங்கள் அதை மறுபடி திறந்தோமே" என்றேன். அவள் பேனாவை எடுத்துக்கொண்டாள். நான் விடியும்வரை பேசினேன்.

உனக்கு நினைவிருக்கும். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது, எழுத்தறிவு வகுப்புக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று நம் வீட்டு ஆண்கள் மட்டுமல்ல, நாமே கேட்டோம். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், வெளியே போய்வர முடியாத பெண்ணுக்கு எழுத்து மட்டும் வந்து என்ன பயன் என்ற எண்ணத்தில் சைக்கிள் பயிற்சியை இயக்கத்தின் பகுதியாகவே ஆக்கினார். பெண் தொண்டர்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளித் திடலில் பெண்கள் இருந்ததிலேயே நல்ல சேலையை உடுத்திக்கொண்டு திருவிழாவுக்கு வருவதுபோல் வந்து நின்றது என் கண்ணிலேயே இருக்கிறது. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, பெல் அடித்துக்கொண்டு நகரத்துக்குள் நுழைந்தபோது கடைக்காரர்கள் வேலையை விட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். கற்றுக்கொண்டவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள் என்று பிறகு எழுதினார்கள். கண்மாய்க்கரை இறக்கத்தில் பிரேக்கை மறந்துவிட்டு நேரே தண்ணீருக்குள் ஓட்டிக்கொண்டு போன பயிற்சியாளர் அம்மாவும் அந்தக் கணக்கில் உண்டு. அவருடைய பெயரை நான் என் மகளிடம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

ஆனால் அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்த எண்ணிக்கை அன்று, ஆண்கள் சைக்கிளில் சீட்டிலிருந்து ஹேண்டில்பார்வரை போகும் பார் கம்பிதான்.

அத்தனை பேர் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்ள வந்தபோது லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை. அண்ணன், தம்பி, கணவன் ஓட்டிய ஜென்ட்ஸ் சைக்கிள்தான் இருந்தது. வாடகைக் கடையிலும் அதுதான். நாம் அதைப் பெரிய தடையாக நினைத்தோம். சேலையோடு பாருக்கு மேலே எப்படிக் காலைப் போடுவது என்று கூச்சப்பட்டோம், சிறு பையன்களைப்போலப் பாருக்கு அடியில் கால் விட்டுக் குரங்குப் பெடல் அடித்துப் பார்த்தோம். லேடீஸ் சைக்கிள் தாராளமாகக் கிடைத்ததும் எல்லாரும் அதற்கு மாறிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தோம். பலர் மாறவில்லை. காரணம் கேட்டபோது கல்குவாரியில் வேலை பார்த்த அந்த மெலிந்த அக்கா நம்மை ஏதும் அறியாத பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "பார் இல்லேன்னா பிள்ளைய எங்க உக்கார வைக்க?" என்றார். கம்பியில் பழைய சேலைத் துணியைத் தடிமனாகச் சுற்றி, அதில் பிள்ளையை உட்கார்த்தி, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடத்தையோ சந்தைக்கான காய்கறியையோ கட்டி, பஸ்ஸுக்காக மணிக்கணக்கில் காத்து நிற்காமல் போய்த் திரும்பினார்கள்.

இதை நான் சொல்லி முடித்ததும் என் மகள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு லேடீஸ் சைக்கிளின் வரலாற்றை அவள் சொன்னாள். மேல்கம்பியை இறக்கி வளைத்த சட்டகம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நீண்ட பாவாடையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. பெண்ணின் தேவை பாவாடை தடுக்காமல் ஏறி உட்காருவது என்று அங்கே முடிவாகி, அந்த முடிவு உலகமெங்கும் பெண்கள் சைக்கிளின் வடிவமாகிவிட்டது. நூறு ஆண்டு கழித்துப் புதுக்கோட்டையின் அன்னவாசல் பக்கத்துப் பெண்களோ, உடையை நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம், பிள்ளைக்கு இடம் வேண்டும் என்றார்கள். டன்லப்பின் டயரைப்போலவே, ஆணின் வண்டிக்கு வலுச் சேர்க்க வைத்த கம்பி இங்கே தாயின் கம்பியாகிவிட்டது. எந்தத் தொழிற்சாலையும் இதற்காக ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லை. அதனாலேயே இதைக் கண்டுபிடிப்பு என்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பது எனக்கு இப்போது ஆற்றாமையாக இருக்கிறது. பட்டறையில் ஒருவர் செய்தால் வடிவமைப்பு, திண்ணையில் ஒருத்தி சேலைத் துணியைச் சுற்றினால் வெறும் சமாளிப்பு என்று பிரித்தது யார்?

இன்னொன்றையும் அன்று இரவு அவளிடம் சொன்னேன். அதை நாம் இருவரும் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை. நம் இரண்டாவது மையத்தில் காலனிப் பெண்கள் ஒன்பது பேர் கற்றார்கள் அல்லவா? திடலில் நம் எல்லாரையும்விட நன்றாக ஓட்டினார்கள். வீடு திரும்பும்போது ஊர்த்தெரு முனை வந்ததும் ஒன்றும் பேசாமல் இறங்கி உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தத் தெருவில் அவர்கள் ஏறி ஓட்டக் கூடாது என்பது அந்த ஊரின் கட்டுப்பாடு. நாமும் கூட இறங்கி அவர்களோடு நடந்தோம். அதைத் துணை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டோம். ஆனால் யாரிடமும் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வகுப்பு நின்றுவிடும் என்ற பயம் நமக்கு இருந்தது, அந்தப் பயத்தில் நியாயமும் இருந்திருக்கலாம். இருந்தாலும் நாம் கேட்டிருக்க வேண்டும், வசந்தா. ஒரே சைக்கிள் திடலில் விடுதலையாகவும் முந்நூறு அடி தள்ளித் தெருவில் குற்றமாகவும் இருந்ததை நாம் கண்ணால் கண்டோம்.

என் மகள் இதைக் கேட்டுவிட்டு, லாங்டன் வின்னர் என்ற அமெரிக்க அறிஞர் 1993-இல் எழுப்பிய ஒரு கண்டனத்தைச் சொன்னாள். பிஞ்ச்-பைக்கர் வழியில் ஆராய்கிறவர்கள் ஒரு கருவியோடு தொடர்புடைய குழுக்களைத் தேடிப் பட்டியலிடுகிறார்கள். ஆனால் வாய் திறக்கவே இடம் இல்லாததால் அந்தப் பட்டியலுக்குள்ளேயே வராதவர்களை என்ன செய்வது என்று அவர் கேட்டாராம். அந்த ஒன்பது பேரும் கல்குவாரி அக்காவும் எந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்? நம் அறிக்கைகளில்கூட "பயிற்சி பெற்றோர்" என்ற எண்ணாகத்தான் இருக்கிறார்கள்.

பீகாரில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு அரசு சைக்கிள் வாங்கக் கொடுத்த திட்டத்தைப் பற்றியும் அவள் சொன்னாள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்களின் அளவு 32 விழுக்காடு கூடியது; பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் பெரும்பகுதி மாற்றம். படிக்கக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. கூடவே ஒரு கவலையும் வந்தது. இங்கே எங்கள் தெருவில் பதினோராம் வகுப்பில் விலையில்லாச் சைக்கிள் பெற்ற பிள்ளைகள் மூவர் இருக்கிறார்கள். இரண்டு வண்டிகள் மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்து நிற்கின்றன. ஒன்றுக்குப் பஞ்சர், மற்றொன்றுக்குச் செயின் கழன்றுவிட்டது. சரிசெய்ய அந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பிரதான சாலையில் லாரிகளுக்கு நடுவே அனுப்பவும் வீட்டாருக்குத் துணிவு இல்லை. நாம் சைக்கிள் கடை அண்ணாச்சியைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துவந்து, ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பதிலிருந்து செயின் மாட்டுவதுவரை கற்றுக்கொண்டோமே, அந்தப் பாதி இப்போது விடுபட்டுப்போயிருக்கிறது. வண்டியை மட்டும் கொடுத்தால் போதும் என்று எண்ணுகிறவர்களிடம் நம் கதையைச் சொல்ல எனக்கு ஆசை.

ஆனால் என் மகள் நியாயமான ஒரு கேள்வி கேட்டாள்: "ஆதாரம் எங்கே அம்மா?" கவென்ட்ரிக்குக் காப்புரிமைப் பத்திரங்களும் விளம்பரத் தாள்களும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. நம்மிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தபோது உன் நினைவு வந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் யார் வந்தார்கள், யாருடைய வண்டி, லேடீஸா ஜென்ட்ஸா, யார் விழுந்தார்கள் என்று நீ பச்சை அட்டை நோட்டில் எழுதி வைத்தாய். "இதையெல்லாம் எழுதி என்னடி செய்யப்போகிறாய்" என்று நான் உன்னைச் சண்டை பிடித்ததும் நினைவிருக்கிறது. நீ வீடு மாறியபோது தகரப் பெட்டியோடு எடுத்துப் போனதாக உன் தம்பி சொன்னார். அது இருக்கிறதா?

இருந்தால், பொங்கல் கழிந்ததும் அதை எடுத்துக்கொண்டு வா. மகளும் வருகிறாள். மூவருமாகப் புதுக்கோட்டைக்குப் போய், அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு இலுப்பூர், அன்னவாசல் பக்கம் வீடு வீடாகக் கேட்போம். கல்குவாரி அக்கா இருந்தால் எழுபது வயதைத் தாண்டியிருப்பார். காலனி வீடுகளுக்கு முதலில் போக வேண்டும் என்பது என் விருப்பம். அங்கே நாம் கேட்க வேண்டியதோடு சொல்ல வேண்டியதும் இருக்கிறது. பாரில் துணி சுற்றிய பழைய வண்டி ஒன்றாவது ஏதாவது ஒரு மாட்டுக்கொட்டகையில் கிடக்கும் என்று நம்புகிறேன். கிடைத்தால் அதைப் படம் எடுத்து, அளவு எடுத்து எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறாள் மகள்.

நோட்டில் ஈரம் பட்டிருந்தால் வெயிலில் பிரித்து வைக்காதே, மை போய்விடும், நிழலில் உலர்த்து. வரும் தேதியை அஞ்சலட்டையில் எழுதினாலும் போதும்.

என்றும் உன்,
மீனாட்சி