ஏற்காட்டு நண்பனுக்கு

ஆத்தூர்

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டதில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மழைதான் போதவில்லை, கிணற்றை நம்பி மரவள்ளி நிற்கிறது.

இந்த ஆண்டும் துரு நோயில் உன் காப்பிச் செடிகள் இலை உதிர்த்துவிட்டன என்று படித்ததும் மனம் கேட்கவில்லை. நோய் தாங்கும் ரோபஸ்டா காப்பியை உன் அராபிகா காப்பியோடு இனம் சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்டிருந்தாய். சேர்க்கலாம், செடியும் தழைக்கும். தடை பூவுக்குள் இருக்கிறது.

அராபிகாவுக்கு 44 குரோமோசோம், ரோபஸ்டாவுக்கு 22. இரண்டும் பாதிப்பாதி கொடுக்க, பிள்ளைக்கு 33 வரும். அது பூத்துத் தன் மகரந்தத்தை உண்டாக்க, குரோமோசோம்கள் சோடி சேர்ந்து பாதியாகப் பிரியும் குன்றல் பகுப்பில்தான் சிக்கல். ரோபஸ்டா இனம் அராபிகாவுக்கு மூதாதை என்பதால், இந்த 33-ல் 22 குரோமோசோம்கள் ஏறக்குறைய 11 சோடிகளாகிவிடும். மிச்சமுள்ள 11-க்குத் துணை கிடையாது. ஒவ்வொன்றும் தன் போக்கில் ஏதோ ஒரு பக்கம் ஒதுங்கும். பதினொன்றும் ஒரே பக்கம் போய்ச்சேர வாய்ப்பு 1,024-ல் ஒன்றுதான். நீயே கணக்குப் போட்டுப் பார். மற்ற இனச்செல்களில் (மகரந்தம், சூல் இவற்றின் செல்களில்) மூன்றோ ஏழோ கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை வீண். கிளை நிறையப் பூக்கும், காய் பிடிக்காது.

ஆனால் திமோர் தீவில் 1920களில் ஒரு மரம் கண்ணில் பட்டது. ரோபஸ்டாவின் இனச்செல் ஒன்று பாதியாகாமல் 22-ஐயும் சுமந்து வந்து அராபிகாவோடு கூடியிருக்க வேண்டும், மரத்துக்கு 44. அதனால் அது காய்த்தது, துருவையும் தாங்கியது. பகுப்பு தவறியதால் கிடைத்த வரம் இது! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. காவேரி, சந்திரகிரி என்ற காப்பி ரகங்கள் இரண்டும் அதன் வழிவந்தவை. அடுத்த நடவுக்குக் காப்பி வாரியத்தில் சந்திரகிரி விதை கேட்டுப் பார்.

எங்கள் பயிருக்கு இந்தக் கவலை இல்லை. திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் ஸ்ரீ ஹர்ஷா மரவள்ளியும், அந்த 33 குரோமோசோம் பிள்ளையைப் போல, மும்மடியம்தான், அதாவது குரோமோசோம் தொகுதி மூன்று கொண்டது. வழக்கமான 36-க்குப் பதில் 54. விதை யாருக்கு வேண்டும்? பால் கசியக் கசியக் குச்சியைச் சாண் நீளத்துக்கு நறுக்கி ஊன்றுகிறோம். இனச்செல் பக்கமே போகாமல் 54-ம் அப்படியே அடுத்த வயலுக்கு வந்துவிடுகின்றன. மாவுச்சத்தும் அதிகம், ஜவ்வரிசி ஆலைக்கு வேறென்ன வேண்டும்?

தை மாதம் கிழங்கு பிடுங்குவோம். பேத்தியையும் அழைத்துக்கொண்டு வா. வரும்போது மிளகு கொஞ்சம் கொண்டுவா, வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
பழனிசாமி