அந்தியேட்டிக்கு முன்னரே வரவேண்டிய பணம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள பாலா,

யானை தாக்கி இறந்த உங்கள் ஊர்த் தம்பியின் மனைவிக்கு நட்டஈடு இன்னும் வரவில்லை என்று எழுதிய உன் கடிதமும் பத்திரங்களின் நகல்களும் கிடைத்தன. மறுநாளே நட்டஈட்டுக் கோப்பு இருக்கும் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். கோப்பு தொலையவில்லை. விவாகப் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்தால் கிடப்பில் கிடக்கிறது.

எனக்கு மனம் கொதித்துவிட்டது. கோயிலில் தாலி கட்டி, மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள் அவள். பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களில் தகப்பன் பெயர் தெளிவாக இருக்கிறது. யுத்தக் காலத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து திரிந்தவர்களிடம் எந்தப் பதிவைக் கேட்பது? மேசையில் இருந்த பெண் தமிழிலேயே பொறுமையாகப் பேசினாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தம்பியின் அடையாள அட்டை நகலை அவளிடம் நீட்டினேன். ஓரத்தில் வயல் சேறு படிந்த கறை நகலிலும் விழுந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் அவள் பேசவில்லை.

உயிரிழப்புக்கு முன்பு 5 இலட்சம் ரூபாய் கொடுத்தார்கள், இப்போது 10 இலட்சம். கூட்டியது நல்லதுதான். ஆனால் தொகையைவிட நாள்தான் முக்கியம் என்பேன். வேளாண்மைக் காவலுக்குப் போனவன் சடலமாக வந்தால், பிரேத பரிசோதனை, பெட்டி, வாகனம், எட்டாம் நாள் சடங்குச் செலவு என்று முதல் வாரத்திலேயே வீடு கடனில் விழுந்துவிடுகிறது. போதாததற்கு விதைநெல்லுக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் வேறு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்போது வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான். பத்து மாதம் கழித்து வரும் பத்து இலட்சத்தில் பாதி வட்டிக்கே போனால் அதை நட்டஈடு என்று எப்படிச் சொல்வது? திடீர் மரண விசாரணை அதிகாரி யானை தாக்கியதாக எழுதிய அன்றே ஒரு பகுதியைப் பிரதேச செயலகம் கையில் கொடுத்துவிட வேண்டும். வாரிசு யார் என்ற விசாரணை மீதித் தொகைக்கு நடக்கட்டும். இது யாரும் இரங்கிப் போடும் பிச்சை இல்லை. யானையைக் காப்பது நாடு முழுவதன் விருப்பம் என்றால், அதன் விலையை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உங்கள் படுவான்கரைக் குடும்பங்கள் மட்டும் ஏன் கட்ட வேண்டும்?

2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் மட்டக்களப்பு ரயிலில் மோதி யானைகள் இறந்தபோது கொழும்பு முழுவதும் அதே பேச்சு. எனக்கும் நெஞ்சு வலித்தது. 2011 கணக்கெடுப்பில் 5,879 யானைகள் இருந்த நாடு இது. இப்போது ஆண்டுக்கு முந்நூறு, நானூறு என்று சாகின்றன. மனிதர்களும் ஆண்டுக்கு நூறு பேருக்கு மேல் சாகிறார்கள், அவர்களைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை.

இன்னொன்று. இடுப்பு முறிந்து பாயில் கிடக்கும் உங்கள் ஊர்க் கிழவரைப் பற்றியும் எழுதியிருந்தாய். இறந்தவருக்காவது ஒரு கோப்பு உண்டு. காயப்பட்டவர் மருந்துச் சீட்டுகளைச் சேர்த்து வைக்கவில்லையென்றால் எதையும் நிரூபிக்க முடியாது. அவருடைய மகளிடம் சொல், கிளினிக் கொப்பியையும் பொலிஸ் முறைப்பாட்டு இலக்கத்தையும் பத்திரப்படுத்தட்டும்.

மின்வேலியை ஊரைச் சுற்றியும், பயிர்ப் போகத்துக்கு மட்டும் வயலைச் சுற்றியும் போட்டு, ஊராரே பராமரிக்க வேண்டும் என்று 2020இல் தயாரித்த தேசிய செயல்திட்டம் சொல்கிறது. யானை நடமாடும் நிலத்தில் பெரும்பகுதியில் மனிதர்களும் குடியிருக்கும்போது வேறு வழி எனக்கும் தெரியவில்லை. உங்கள் கமக்காரர் அமைப்பு அடுத்த கூட்டத்தில் இதை எடுக்கட்டும். மனு எழுத வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். மூத்தவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. உன் முழங்கால் வலி எப்படி?

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தத் தம்பியும் அவன் மனைவியும் கணவன் மனைவியாக வாழ்ந்ததை உறுதிப்படுத்திக் கிராம அலுவலர் ஒரு கடிதம் தர வேண்டும், அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டும். சமாதான நீதவான் முன்னிலையில் அவள் ஒரு சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். இவை போதும் என்று அலுவலகப் பெண் சொன்னாள். தபாலில் போடாதே, இரவு பஸ்ஸில் வரும் யாரிடமாவது கொடுத்துவிடு. நான் கொண்டுபோய்க் கொடுத்து, பற்றுச்சீட்டும் வாங்கி அனுப்புகிறேன். அவளை இதற்காகக் கொழும்புக்கு அலைய விடாதே.

அன்புடன்,
ரகு