மணி விஷயமாக அப்பாவுக்கு

ஷெஃபீல்டு, இங்கிலாந்து,
சனிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலையும் சமையலும் பழகிவிட்டன, அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அம்மா போனில் சொன்னதிலிருந்து நம் நாய் மணி நினைப்பாகவே இருக்கிறது. பின்னங்கால் இரண்டும் வரவில்லை, சாக்கு மேலேயே கிடக்கிறது, பால்சோறு வைத்தால் மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்றார். “ஆயுசு இருக்கிற வரைக்கும் இருக்கட்டும், உயிரை எடுக்கும் ஊசி கீசி என்று யாரும் பேசக் கூடாது” என்று நீங்கள் சொன்னதையும் சொன்னார். போனில் இந்தப் பேச்சை எடுத்தால் பாதியிலேயே போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். இங்கே நான் பார்ப்பதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் யோசியுங்கள்.

நான் வேலை பார்க்கும் நாய், பூனை ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை மேல் ஒரு விளக்கு இருக்கும். அது எரிந்தால் உள்ளே யாரோ தங்கள் பிராணியை வழியனுப்புகிறார்கள், மெதுவாகப் பேசுங்கள் என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். விளக்கைப் பார்த்ததும் குழந்தைகள் கூட அடங்கிவிடுவார்கள்.

போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. கூட இருப்பது ஒரு கறுப்பு லாப்ரடார் மட்டும்தான். அதற்கு முன்னங்கால் எலும்பில் புற்றுநோய். மாத்திரையில் ஓட்டிய காலம் முடிந்து, ராத்திரியெல்லாம் முனக ஆரம்பித்துவிட்டது. தரையில் கம்பளி விரித்து அதைப் படுக்க வைத்தோம். முழங்கால் வலியோடு அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி போட்டோம், வேண்டாம் என்றார். இந்த அறையில் ஒரு டப்பா நிறைய சாக்லேட் வைத்திருக்கிறோம். நாய்க்குச் சாக்லேட் விஷம், ஆயுசு முழுக்கக் கொடுக்கவே கூடாது. கடைசி நாளில் மட்டும் கொடுப்பார்கள். அவர் காகிதத்தைப் பிரித்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அது தின்றுவிட்டு அவர் விரல் இடுக்கெல்லாம் நக்கியது.

டாக்டர் அவசரப்படவே இல்லை. என்ன நடக்கும் என்று முதலிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னார். கண் மூடாது, திறந்தேதான் இருக்கும். உயிர் போன பிறகும் ஒரு தடவை மூச்சு இழுப்பது போல உடம்பு அசையலாம், சிறுநீர் போகலாம். அதெல்லாம் வலியால் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் பார்க்கிறவர்களுக்கு அந்தக் காட்சி மனதை விட்டுப் போகாது. முதலில் மயக்க ஊசி. கொஞ்ச நேரத்தில் உடம்பு தளர்ந்து குறட்டையே விட ஆரம்பித்தது. முன்னங்காலில் முடியை மழித்து ரத்தநாளத்தில் ஏற்கெனவே சின்னக் குழாய் சொருகியிருந்தோம். அதன் வழியாக பென்டோபார்பிட்டால் என்ற மருந்தை ஏற்றினார். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கப் பயன்பட்ட மருந்துதான், அளவு மட்டும் பல மடங்கு. முதலில் நினைவு போகும், பிறகு மூச்சு, பிறகு இதயம். ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு டாக்டர் தலையசைத்தார். பெரியவர் அதன் தலையைத் தடவியபடியே பேசிக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை.

எல்லோரும் இப்படி இருப்பதில்லை, அப்பா. தாங்க முடியாமல் வெளியே போய்விடுகிறவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்போது நான் உள்ளே நின்று பிராணியின் தலையைப் பிடித்துக்கொள்வேன். மயக்கம் வரும் வரை அது கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். கூட இருக்க முடிந்தவர்கள் இருந்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது அதனால்தான்.

இந்த நாட்டில் எல்லாமே கருணை என்று நான் சொல்லவில்லை. 1939இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கிய முதல் வாரத்தில் லண்டனில் மட்டும் சுமார் 4 லட்சம் நாய், பூனைகளை அவற்றின் சொந்தக்காரர்களே கொண்டுபோய்க் கொல்ல வைத்தார்கள் என்று சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். குண்டு விழும், தீனி கிடைக்காது என்ற பயம். நோய் நொடி ஒன்றும் இல்லாதவை அவை. இன்றைக்கும் வீடு மாறுகிறோம், நாய் வேண்டாம் என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல ஆரோக்கியமான பிராணியைக் கொல்ல மாட்டேன் என்று டாக்டர் மறுக்கலாம், எங்கள் டாக்டர் மறுத்துவிடுவார். இன்னொரு பக்கம், 1917இல் மரியா டிக்கின் என்ற அம்மையார் லண்டனின் ஏழைகள் பகுதியில் ஒரு நிலவறையில் தொடங்கிய இலவச வைத்தியம் இன்று நாடு முழுக்க நடக்கிறது. பிராணியைப் பறிகொடுத்தவர்கள் போன் செய்து பேசவும் அழவும் புளூ கிராஸ் என்ற இங்குள்ள பிராணி நல அமைப்பு 1994 முதல் ஒரு சேவை நடத்துகிறது. அந்தப் பெரியவருக்கும் அந்த எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

நேரம் வந்துவிட்டதா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. அமெரிக்காவில் ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடை மருத்துவர் அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். வலி, சாப்பாடு, தண்ணீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். மொத்தம் 35க்கு மேல் இருந்தால் இன்னும் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அம்மா பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே மணிக்கும் தினமும் ஒரு குறி போடச் சொல்லுங்கள், நல்ல நாளா கெட்ட நாளா என்று. நீங்கள் வந்தால் வாலை ஆட்டுகிறதா, அதையும் எழுதச் சொல்லுங்கள்.

பாவம் என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. கதர் தவிர வேறு கட்டாத உங்களுக்குக் காந்தி கதை ஒன்றை நினைவுபடுத்துகிறேன். 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி ஊனப்பட்டு வலியில் துடித்தது. எவ்வளவோ வைத்தியம் பார்த்தும் பலனில்லை, பிழைக்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். கொடுக்க முடியாத உயிரை எடுக்க நமக்கு உரிமை ஏது என்று ஒருவர் எதிர்த்தார். ஆனாலும் காந்தி டாக்டரை வைத்து ஊசி போட வைத்தார், இரண்டு நிமிஷத்துக்குள் அடங்கிவிட்டது. அதை மறைக்காமல் தன் பத்திரிகையிலேயே எழுதினார். கோபக் கடிதங்கள் வந்து குவிந்தன. நோயாளி உடம்பில் கத்தி வைக்கும் டாக்டர் செய்வது இம்சை ஆகாது, இதுவும் அப்படித்தான் என்று பதில் சொன்னார்.

உடனே ஊசி போடுங்கள் என்று நான் எழுதவில்லை. மணிக்கு இது வெறும் மூட்டு வலியாகவும் இருக்கலாம். அப்படியானால் நல்ல வலி மருந்து கொடுத்தாலே எழுந்து நாலு எட்டு நடக்கும். பின்னங்கால் செயலிழந்திருந்தால் அது வேறு. முதலில் கால்நடை மருந்தக டாக்டரை வீட்டுக்கு அழைத்துக் காட்டுங்கள். தயவுசெய்து நம் வீட்டு மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் எல்லாம் நாய்க்குக் குடலைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். படுத்த பக்கமே கிடந்தால் புண் வரும், சில மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடுங்கள். சாக்கை எடுத்துவிட்டு என் பழைய மெத்தையைப் போடுங்கள், நனைந்தால் பரவாயில்லை.

இனி முடியாது என்று டாக்டர் சொன்னால், முதலில் மயக்கம் கொடுப்பாரா என்று கேளுங்கள். மயக்காமல் மக்னீசியம் சல்பேட்டை மட்டும் ஏற்ற விடாதீர்கள். நினைவு போகும் முன்பே உடம்பு அசையாமல் போய்விடும், வலித்தாலும் அதனால் காட்ட முடியாது. நம் திண்ணையிலேயே நடக்கட்டும், வண்டியில் ஏற்ற வேண்டாம். புதைப்பது கிணற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். இட்டேரி ஓரமாக நல்ல ஆழமாகக் குழி வெட்டச் சொல்லுங்கள். பென்டோபார்பிட்டால் போன்ற மருந்து உடம்பிலேயே தங்கும், தோண்டித் தின்னும் நாயோ பருந்தோ அதனால் செத்துப்போகும்.

நாள் குறித்தால் எனக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள், லீவு போட்டுவிட்டு வீடியோ காலில் வருகிறேன். என் குரல் கேட்டால் காதைத் தூக்கும். டாக்டருக்குக் கொடுக்கவும் மருந்து வாங்கவும் அம்மா கணக்கில் பணம் போட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமைக்குள் டாக்டரைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று சொல்லுங்கள், அப்பா.

அன்பு மகள்