சிமெண்ட் வேண்டாம்

கயலுக்கு,

படம் வந்தது. மார்வென்ஸ்டோ பாதிரியார் வீட்டின் புகைபோக்கிகள் எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. உன் வீட்டுக் கூரையைத்தான் காணோம்.

அந்த வீட்டைக் கட்டிய பாதிரியார் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் இங்கிலாந்தின் கார்ன்வாலில் அந்தக் கடலோரத்துக்குப் போனபோது நூறு வருஷத்துக்கு மேலாக எந்தப் பாதிரியாரும் ஊரோடு தங்கியதில்லை. புயலில் ஆடுகள் எங்கே ஒதுங்குகின்றன என்று பார்த்து அங்கே கடைக்கால் போட்டார் என்பார்கள். கெட்டிக்காரர். புகைபோக்கிகளைத் தனக்குப் பழக்கமான தேவாலயக் கோபுரங்கள் மாதிரி கட்டினார். அடுப்படிப் புகைபோக்கிக்கு மட்டும் வடிவம் பிடிபடவில்லை. கடைசியில் அம்மாவின் கல்லறையை அதே அளவில் மேலே ஏற்றினார். நாளுக்கு ஒரு பவுண்டு வருமானம் என்று வாசலில் பாட்டாகவே வெட்டிவைத்தார். வருஷத்துக்கு 365. ஆனால் பணக்கஷ்டம் தீரவில்லை. செலவை எந்த வாசலில் எழுதுவது?

உன் புகைபோக்கி மூட்டுகளில் சிமெண்ட் வைக்க விடாதே. ஒரு பங்கு ஹைட்ராலிக் சுண்ணாம்புக்கு (தண்ணீர் பட்டு இறுகும் சுண்ணாம்பு) மூன்று பங்கு கரடுமணல். மூட்டு அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழம் பழைய சாந்தைச் சுரண்டி, நனைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். பிறகு சில நாள் ஈரச்சாக்கு. 5 டிகிரிக்குக் கீழே போகும் மாதங்களில் தொடவே வேண்டாம். சிமெண்ட் போட்டால் உள்ளே இறங்கிய மழை மூட்டு வழியாக வெளியேற முடியாமல் கல்லையே உதிர்த்துவிடும். எரிக்காத புகைபோக்கியை அடைத்தாலும் மேலும் கீழும் காற்றுவழி விடு, இல்லையென்றால் சுவரில் பழுப்புக்கறை இறங்கும். கூரையில் ஸ்லேட் கல் சரிந்தால் பெரும்பாலும் துருப்பிடித்த ஆணிதான் காரணம், செம்பு ஆணி கேள். சிமெண்ட் வேண்டாம்.

தனியாக நின்று வீடு வாங்கியவள் நம் பக்கத்தில் நீ ஒருத்திதான். பெரியப்பாவிடம் பத்துத் தடவை சொல்லிவிட்டேன். ஆனால் நாலு மாசமாகப் போனில் "நல்லா இருக்கேன்பா" மட்டும்தான் வருகிறது. கூரைக்கு எவ்வளவு கேட்டார்கள், யாரிடம் வாங்கினாய் என்றெல்லாம் நான் கேட்கப்போவதில்லை.

அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி லாக்கரில் இருக்கிறது என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். மாடி எடுத்த வருஷமே அது அடகுக்கடையில் மூழ்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலும் கேட்டாள். இருக்கிறது என்றேன். உன்னிடமும் அதையே சொன்னேன்.

மூட்டு சுரண்டும்போது ஒரு படம் எடுத்து அனுப்பு. ரசீதையும் சேர்த்து.

அப்பா